தண்ணீர் மேல் முலாம்பழம், மலை மேல் ஸ்ட்ராபெர்ரி

போன ஆடி மாதம் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வங்காளதேசத்தில் ஏதோ ஒரு ஊர், இடுப்பளவு தண்ணீரில் நீளநீளமாகப் பாத்திகள் மிதக்கின்றன, ஒருவர் சின்னப் படகை நடுவே விட்டுக்கொண்டே வெள்ளரியும் பூசணியும் பறித்துப் போடுகிறார். கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, இத்தனை பெரிய ஏரிய வச்சுக்கிட்டு படகு மட்டும் விடுறீங்களேப்பா. நாலு பாத்தி மிதக்கவிட்டு ஸ்ட்ராபெர்ரி வச்சா என்ன?"

சித்தப்பாவுக்குப் பழநி பக்கத்தில் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு. நான் மேலே கொடைக்கானலில், வில்பட்டிப் பக்கம் முக்கால் ஏக்கரில் ஸ்ட்ராபெர்ரியும் பீன்ஸும் போடுகிறவன். "பார்க்கலாம் சித்தப்பா" என்று சொல்லி விட்டிருக்கலாம். விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன், அப்புறம் என் குட்டையிலேயே ஒன்று கட்டியும் பார்த்தேன். இந்த வீடியோ என் சித்தப்பாவுக்கு மட்டும் வந்திருக்காது, உங்கள் சித்தப்பாவும் அனுப்பியிருப்பார், அதனால் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் பாத்தி எதனால் ஆனது என்று பார்ப்போம். தெர்மாகோலோ டிரம்மோ இல்லை, முழுக்க முழுக்கக் களை. நாம் ஆகாயத்தாமரை என்று சொல்லிச் சொல்லித் திட்டுகிற அதே செடி. சரியாகச் சொன்னால் அது வெங்காயத்தாமரை. இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், ஊதாப் பூ பூக்கும். குட்டி முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கிறதே, பழைய ஆகாயத்தாமரை அதுதான், ஆனால் இப்போது யாரும் பிரித்துச் சொல்வதில்லை. வெங்காயத்தாமரையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. வங்காளத்துக்கு வந்து ஆறு, கால்வாய் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டதில் 1936இல் அதை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், அடுத்த வருடத் தேர்தலில் "களையை ஒழிப்போம்" என்பது ஒரு வாக்குறுதியாகவே இருந்தது. களை ஒழியவில்லை. கோபால்கஞ்ச், பிரோஜ்பூர், பரிசால் பகுதி விவசாயிகள் அதன் மேலேயே தோட்டம் போட்டுக்கொண்டார்கள்.

மழைக்காலம் தொடங்கி வயல் தண்ணீருக்குள் போகிற ஜூன், ஜூலையில் வேலை ஆரம்பிக்கும். களை அடர்த்தியாக இருக்கிற இடத்தில் ஒரு மூங்கிலைப் போட்டு, அதன் மேல் ஆள் ஏறி நின்றுகொண்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் செடியை வாரி இழுத்துக் காலடியில் போட்டு மிதிப்பார். மிதிக்க மிதிக்க மெத்தை மாதிரி ஆகும். நின்ற இடம் கெட்டியானதும் நகர்ந்து அடுத்த இடம். அகலம் பெரும்பாலும் ஒன்றரை இரண்டு மீட்டர்தான், படகில் இருந்தே இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டுமே. நீளத்துக்குக் கணக்கில்லை, இடத்தைப் பொறுத்து 15 மீட்டரும் இருக்கும், 50 மீட்டரும் இருக்கும். பச்சைச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் கொஞ்ச நாளில் பாத்தி அமுங்கிவிடும், மேலே இன்னொரு அடுக்கு போட வேண்டும். அடியில் இருக்கும் புதுச் செடியின் காம்புக்குள் பஞ்சு மாதிரி காற்றறைகள் இருக்கின்றன, மிதப்பு அதிலிருந்து வருகிறது. மேலே இருப்பது மக்கி எருவாகும். ஆக பாத்தியின் அடிப்பாகம் படகு, மேல்பாகம் குப்பைமேடு. வேருக்கு ஈரம் கீழிருந்து ஏறும், சத்து பக்கத்திலேயே மக்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் பாய்ச்சுகிற வேலையே கிடையாது.

அதில் விதையை அப்படியே தூவ முடியாது, இடுக்கில் விழுந்து போய்விடும். பாதி மக்கிய களையைக் கைக்குள் அடங்கும் உருண்டையாகப் பிடித்து, நடுவில் விதையை வைத்து, வீட்டில் முளைக்கவைத்து, அப்புறம் கொண்டுபோய்ப் பாத்தியில் வைக்கிறார்கள். டேமா என்று பெயர். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் உருட்டுவார்கள். எனக்கு இந்த முறையிலேயே பிடித்தது இதுதான். நாம் நர்சரியில் குழித்தட்டும் தேங்காய்நார்த் தூளும் காசு கொடுத்து வாங்கிச் செய்வதை அவர்கள் களை உருண்டையில் செய்கிறார்கள். உண்மையில் அந்தப் பாத்திகள் பலவற்றில் காய்கறி நாற்றுதான் வளர்கிறது என்பது வீடியோவில் தெரியாது. சுரை, பூசணி, கத்திரி, பப்பாளி நாற்றுகள் படகில் சந்தைக்குப் போகும். கார்த்திகை வாக்கில் தண்ணீர் வடியும்போது பாத்தி தரையில் உட்கார்ந்துவிடும், அதை அப்படியே கலைத்துப் போட்டால் அடுத்த பயிருக்கு எரு. 2015இல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு இதை உலக அளவில் முக்கியமான வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

சரி, பழத்துக்கு வருவோம். மிதக்கும் பாத்தியில் பழம் என்று எடுத்தால் பார்க்க வேண்டியது வங்காளதேசத்தை விட காஷ்மீரைத்தான்.

ஸ்ரீநகர் தால் ஏரியின் மிதக்கும் தோட்டத்துக்கு ராத் என்று பெயர். 1820களில் அங்கே போன வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற கால்நடை மருத்துவர், குதிரை தேடிப் போனவர், முலாம்பழமும் வெள்ளரியும் எப்படி வைக்கிறார்கள் என்று அங்குலம் அங்குலமாக எழுதி வைத்திருக்கிறார். ஏரியில் ஆழம் குறைந்த இடத்தில் கோரையும் நாணலும் அல்லியும் பின்னிக் கிடக்கும். அதைத் தண்ணீருக்குக் கீழே இரண்டடி ஆழத்தில் அறுத்துவிட்டால் தரையோடு தொடர்பு போய்விடும், மேலே இருப்பது பாய் மாதிரி மிதக்கும். அந்தப் பாயை நெருக்கி, நீளப் பாத்தியாக ஆக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தாளை வெட்டிப் பரப்பி, ஏரிச் சேற்றை ஒரு பூச்சு பூசுவார்கள். நான்கு மூலையிலும் கம்பு அடித்து நிறுத்துவார்கள், தண்ணீர் ஏறினால் பாத்தியும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதன் மேல் களையைக் கூம்பாகக் குவித்து, உயரம் இரண்டடி, அடி அகலமும் இரண்டடி, உச்சியில் கிண்ணம் மாதிரி குழித்து அதில் புதுச் சேற்றை நிரப்பி, கூம்புக்கு மூன்று நாற்று. அவ்வளவுதான். பிறகு காய் பறிக்கிற வேலை மட்டும்தான் என்று அவர் எழுதுகிறார். நான் அதை முழுசாக நம்பவில்லை, எந்த விவசாயத்தையும் கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

இந்தத் தோட்டங்கள் களவும் போகும். ராத்திரியில் கட்டை அவிழ்த்து, தோட்டத்தையே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று 1890களில் அங்கே நில வரித்திட்ட அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ் எழுதியிருக்கிறார். நம் ஊரில் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்கே முப்பது வருஷம் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள், அங்கே ஆள் தூங்கி எழுவதற்குள் காடே இருக்காது.

மியான்மரின் இன்லே ஏரி மூன்றாவது இடம். அங்கே தக்காளி. தக்காளியைப் பழக்கணக்கில் சேர்ப்பதா காய்க்கணக்கில் சேர்ப்பதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

மூன்று இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். மிதக்கும் பாத்தியில் வருகிற பழம் எல்லாம் நான்கைந்து மாதத்தில் முடிந்துவிடுகிற செடி, கொடி வகைதான்: முலாம், வெள்ளரி, தர்பூசணி, தக்காளி. மரப்பயிர் கிடையாது. காரணம் சுலபம். பாத்தியின் ஆயுசே ஒரு பருவம், பிளம்ஸ் மரம் காய்க்க மூன்று நான்கு வருஷம். மரத்துக்குப் பிடிமானம் வேண்டும், ஆணிவேர் இறங்க இடம் வேண்டும், காற்று அடித்தால் பாத்தியோடு சேர்ந்து கவிழும். அதோடு பேரி, பிளம்ஸ் எல்லாம் வேரில் தண்ணீர் நின்றால் மூச்சு முட்டிச் செத்துப்போகும், எங்கள் ஊரில் பள்ளத்தில் வைத்த பேரிக்கன்று பிழைத்ததை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் சித்தப்பா மடக்கினார். "அப்ப அந்த மிதக்குற கொய்யாச் சந்தை?" என்றார். கொய்யா என்றால் அவருக்குக் காது நிமிர்ந்துவிடும். வங்காளதேசத்தில் ஜாலகாட்டி மாவட்டத்தில் பீம்ருலி என்று ஓர் ஊர், அங்கே ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கால்வாயில் நூற்றுக்கணக்கான படகுகளில் கொய்யா வந்து குவியும், படகிலிருந்து படகுக்கே வியாபாரம். மிதப்பது சந்தைதான், மரம் இல்லை. கால்வாய் வெட்டி, அந்த மண்ணை இரண்டு பக்கமும் மேடாகப் போட்டு, மேட்டில்தான் கொய்யா நிற்கிறது. மெக்சிகோவின் சினாம்பா பற்றியும் "மிதக்கும் தோட்டம்" என்றே எல்லா இடத்திலும் போடுகிறார்கள், அதுவும் ஏரிக்குள் சேற்றை அடுக்கி எழுப்பிய தீவுதான், மிதக்காது. ஈர நிலத்தில் பழமரம் வேண்டும் என்றால் மனிதர்கள் எங்கேயும் செய்தது மேட்டுப்பாத்திதான். ஆயக்குடிக் கொய்யா சந்தைக்கு மினி வேனில் போகிறது, பீம்ருலிக் கொய்யா படகில் போகிறது, மற்றபடி இரண்டு மரமும் மண்ணில்தான் நிற்கிறது என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது. காஷ்மீரில் முடிகிறது, அதுவும் குளிர்ப் பிரதேசம்தானே, கொடைக்கானலில் ஏன் முடியாது?

காஷ்மீர் குளிர்ப் பிரதேசம் என்பது குளிர்காலத்தில். தால் ஏரி கிட்டத்தட்ட 1,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரியில் உறைகிறது, ஆனால் ஜூலையில் ஸ்ரீநகரின் பகல் வெயில் 30 டிகிரியைத் தொடும். அந்த மூன்று மாத வெயிலில்தான் முலாம்பழம் இனிப்பேறுகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இங்கே உறைகிற அளவு ஏரி குளிர்வதில்லை, ஆனால் பழுக்கிற அளவு வெயிலும் எந்த மாதத்திலும் வருவதில்லை. சித்திரை வைகாசியில்கூடப் பகலில் 20 டிகிரியைச் சுற்றியேதான் நிற்கும், மதியம் இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் போச்சு. முலாம்பழக் கொடி இங்கே வளரும், பூக்கும், இலையில் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும், காய் கோழிமுட்டை அளவில் நின்றுவிடும். நம் மலையில் குறைவது வெயில். ஊட்டிக்கும் இதே கதைதான். இன்லே ஏரி 880 மீட்டர், வங்காளதேசம் கடல் மட்டம், அவற்றோடு நம்மை ஒப்பிடவே வேண்டாம்.

களைக்கும் இதே சூடு வேண்டும். வெங்காயத்தாமரை 25, 30 டிகிரியில் பதினைந்து நாளுக்குள் இரண்டு மடங்காகப் பெருகும், குளிரில் அப்படியே மந்தமாகிவிடும், உறைபனி பட்டால் இலை கருகிப்போகும். ஊட்டி ஏரியில் அது மண்டுகிறதே என்றால், கோடப்பமந்து கால்வாய் வழியாகப் பல காலமாக நகரத்துச் சாக்கடை அதற்குப் போடுகிற தீனி அப்படி. அங்கே பெருகுகிற களையே கழிவுநீரின் அடையாளம். அந்தக் களையில் கட்டிய பாத்தியில் பச்சையாகக் கடித்துத் தின்கிற ஒரு பழத்தை நான் வைக்க மாட்டேன்.

கொடைக்கானல் ஏரிக்கு வேறு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கவே முடியாது. 1863இல் லெவிஞ் கலெக்டர் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி, சுமார் 60 ஏக்கர், பார்க்க அழகு. இந்த ஊரில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது, அதிலிருந்து வெளியேறிய பாதரசம் பற்றி ஊருக்கே தெரியும். 2006இல் வெளியான ஓர் ஆய்வு ஏரித் தண்ணீரிலும், அடிவண்டலிலும், மீனிலும் பாதரசத்தைக் கண்டது. இப்போது மூர்கிராஃப்ட் சொன்னதைத் திரும்ப ஒரு முறை பாருங்கள். தால் ஏரி முறையின் உயிரே அடிச் சேற்றை அள்ளி மேலே வைப்பதில்தான் இருக்கிறது. கன உலோகம் போய்ப் படிகிற இடமும் அந்தச் சேறுதான். தண்ணீருக்கடியில் அசையாமல் கிடப்பதை வேலை மெனக்கெட்டுக் கையால் அள்ளி, கிண்ணம் செய்து, அதில் நாற்று வைப்பதா? நீர்க்களைகளும் உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழிவுநீரைச் சுத்தம் செய்ய வெங்காயத்தாமரையைப் பயன்படுத்துவதே அதனால்தான். பொதுவாக இலை, வேரை விட பழத்தில் உலோகம் குறைவாகத்தான் சேரும் என்பார்கள். அந்தக் குறைவு எவ்வளவு குறைவு என்று என் பழத்தை வாங்குகிறவரிடம் போய்ச் சோதித்துப் பார்க்க எனக்கு மனசில்லை.

சரி, ஏரி வேண்டாம், மலையில் இன்னும் எத்தனையோ சதுப்பு இருக்கிறதே, அங்கே போடலாமே என்பார்கள். இதுதான் ஆபத்தான யோசனை, ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கும்.

பழநி மலையின் மேல்பகுதியிலும் நீலகிரியிலும் புல்மேட்டுக்கு இடையில் பள்ளங்களில் இருக்கும் சதுப்பை நடந்து பார்த்திருக்கிறீர்களா? கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும், பக்கத்தில் இரண்டடி தள்ளி நிற்கும் கோரை ஆடும். செத்த புல்லும் வேரும் குளிரிலும் ஈரத்திலும் முழுசாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த கருஞ்சேறு அது, பீட் என்பார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் இந்தச் சேற்றைத் தோண்டி எடுத்துத்தான் இருபதாயிரம் வருஷத்துக்கு முன் இங்கே மழை எப்படி இருந்தது, புல்லும் காடும் எப்படி மாறி மாறி நின்றன என்று கண்டுபிடித்தார்கள். தோடர்கள் கோயிலுக்குக் கூரை வேய்கிற புல்லும் இந்தச் சதுப்பில்தான் முளைக்கும். நம் கணக்குக்கு எளிதாகச் சொன்னால், மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாசி பங்குனியில் ஓடைக்குச் சொட்டுச்சொட்டாக விடுகிற பஞ்சு. கீழே இருக்கிற பழநிக்கும் அதன் பங்கு போகிறது.

களையைக் குவித்து, மக்கவைத்து, அதில் ஈரத்தைத் தேக்கி ஒரு பாத்தி செய்ய வங்காள விவசாயி அவ்வளவு பாடுபடுகிறார். அதே வேலையை நம் மலை கேட்காமலே செய்து வைத்திருக்கிறது. நாம் என்ன செய்தோம்? நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் போட்டோம், மிச்ச இடத்தில் சீகை மரமும் தைல மரமும் வந்தன. என் தாத்தா காட்டிலும் அப்படி ஒரு வாய்க்கால் இருந்தது. முதல் நாலைந்து வருஷம் கரும்மண்ணில் கிழங்கு விளைந்து தள்ளியது என்று அப்பா சொல்வார், அப்புறம் மண் காய்ந்து, சுருங்கி, தூளாகிப் போனது, கீழே இருந்த ஊத்தும் நின்றது. இன்று அந்தக் காட்டுக்கு நான் பிளாஸ்டிக் விரித்த குட்டையிலிருந்து மோட்டார் வைத்துத் தண்ணீர் அடிக்கிறேன்.

மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் நடந்தது இதற்குப் பக்கத்துக் கதை. அங்கே ஃபும்டி என்ற இயற்கையான மிதவைகள், ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள்ளும் ஒரு பங்கு வெளியிலுமாக இருக்கும், சங்காய் மான் அதன் மேல்தான் வாழ்கிறது. முன்பு கோடையில் ஏரி வற்றும்போது ஃபும்டி தரையில் உட்காரும், வேர்கள் மண்ணைத் தொட்டுச் சத்து எடுத்துக்கொள்ளும், மழையில் திரும்ப எழும்பும். 1983இல் இத்தாய் தடுப்பணை வந்ததும் தண்ணீர் வருஷம் முழுக்க ஒரே மட்டத்தில் நின்றது. தரையைத் தொட வாய்ப்பே இல்லாமல் மிதவை வருஷாவருஷம் மெலிகிறது, மெலிந்த இடத்தில் மானின் கால் உள்ளே போகிறது. ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்தால்தான் மிதவைக்கு வாழ்வு. வங்காளத்துப் பாத்தி கார்த்திகையில் தரையில் உட்காருவதும் அதேதான்.

இன்லேவில் தலைகீழ். அங்கே தோட்டம் வென்றுவிட்டது. 1935இல் சுமார் 69 சதுர கிலோமீட்டராக இருந்த திறந்த நீர்ப்பரப்பு 2000இல் 47 ஆகிவிட்டது, இழந்ததில் பெரும்பகுதி தக்காளித் தோட்டமாக மாறியதுதான். தக்காளிக்கு அடித்த மருந்தும் போட்ட உரமும் வேறு எங்கும் போகாது, நேரே ஏரிக்குள்தான். நிலத்தில் வரப்பாவது இருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் இந்த முறைக்கு ஏற்ற இடம் மலையடிவாரம். பழநி வையாபுரி குளத்தைப் பாருங்கள், வெயில் இருக்கிறது, களை கால் வைக்க இடமில்லாமல் இருக்கிறது. ஆனால் அங்கேயும் களைக்குத் தீனி ஊர்க் கழிவுநீர்தான். நல்ல தண்ணீர் நிற்கிற குளங்கள் அந்தப் பக்கம் இல்லாமல் இல்லை, அங்கே வெள்ளரி, தர்பூசணி முயலலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் குளம் ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி பங்குனி சித்திரையில் வற்றும், பெய்யாத வருஷம் நிரம்பவே நிரம்பாது. வங்காளத்தில் தண்ணீர் எப்போது வரும், எப்போது போகும் என்று ஓரளவு சொல்ல முடியும், பாத்தி அந்த நம்பிக்கையில்தான் கட்டப்படுகிறது. அப்புறம் மீன் குத்தகை எடுத்தவர் இருக்கிறார். அவருடைய வலைக்குக் குறுக்கே நீங்கள் நாற்பது மீட்டர் பாத்தி விட்டால் என்ன பேச்சு கேட்பீர்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் அடிவாரத்துக் களைக்குச் சிறந்த வழி, பூ விடுவதற்கு முன் வாரி, கரையில் சூடேற மக்கவைத்து, தோப்புக்குப் போடுவது. ஆயக்குடிக் கொய்யா அதைச் சந்தோஷமாகச் சாப்பிடும். கழிவுநீர்க் குளத்துக் களைக்கு மட்டும் இது பொருந்தாது.

சித்தப்பா இதற்குள் ஒரு திட்டமே போட்டிருந்தார். குளத்திலிருந்து நாற்பது மூட்டை களையை ஜீப்பில் ஏற்றி அனுப்புகிறேன், உன் குட்டையில் கட்டிப் பார் என்றார். நான் கும்பிட்டு மறுத்துவிட்டேன். அந்தச் செடியின் விதை சேற்றுக்குள் பதினைந்து இருபது வருஷம்கூட உயிரோடு கிடக்கும். ஒரு மூட்டையிலிருந்து ஓடைக்கு நாலு செடி போனால் என் பேரன் காலத்திலும் என்னைத் திட்டுவார்கள்.

அதனால் உள்ளூர்ச் சரக்கை வைத்துக் கட்டினேன். தைல மரக் கம்பால் பத்தடிக்கு நாலடி சட்டம், அடியில் மூடி இறுக்கிய 20 லிட்டர் தண்ணீர் கேன் பன்னிரண்டு, மேலே நிழல் வலை. களை மிதவைக்குப் பதில் கேன் வந்த அன்றே இது பாதி ஏமாற்று வேலை ஆகிவிட்டது என்பது எனக்கே தெரியும். குட்டை ஓரத்துக் கோரையை வெட்டி ஒரு முழ உயரம் அடுக்கி, பழைய சாணியைப் பரப்பி, டேமா மாதிரி உருண்டை பிடித்து, நாற்பது ஸ்ட்ராபெர்ரி நாற்றுகளை ஆவணிக் கடைசியில் வைத்தேன். ஸ்ட்ராபெர்ரி வேர் ஆழம் போகாது, ஒரு ஜாண் போதும், கணக்குப்படி பொருத்தமான பயிர். புரட்டாசி முழுக்க நன்றாகவே இருந்தது, குட்டைக்கு வருகிற எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோரை தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, தண்ணீருக்கு மேல் நாலு விரல் நின்ற பாத்தி ஒரு விரலுக்கு வந்தது. ஸ்ட்ராபெர்ரிக்கு வேர் நனையலாம், குருத்து நனையக் கூடாது. குருத்து அழுகல் ஒரு மூலையில் ஆரம்பித்து பத்து நாளில் பாதிப் பாத்தியை முடித்தது, வந்த நாலைந்து பழத்திலும் சாம்பல் பூஞ்சாணம். நாற்பதில் பதினொன்று மிஞ்சியது.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது. மார்கழியில் இரண்டு ராத்திரி உறைபனி விழுந்தது, கீழ்ப்பாத்தியில் தரையில் இருந்த செடிகளின் இலை ஓரம் தீயில் காட்டியது மாதிரி கருகிப்போனது. குட்டை மேல் இருந்த பதினொன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடிகாலையில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், தண்ணீர் 11 டிகிரி, கரையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தண்ணீர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த 11 டிகிரியிலேயே வேர் நிற்பதால் பழம் பழுக்கத் தரையை விட மூன்று வாரம் கூடுதலாக எடுத்தது. மொத்தமாக இரண்டு கிலோகூடத் தேறவில்லை. கேனுக்கும் வலைக்கும் கொடுத்த காசுக்கு மார்க்கெட்டில் நல்ல பழமாகவே வாங்கித் தின்றிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். பதில் பேசவில்லை.

மாசியில் நாலு பேர் கயிறு கட்டி இழுத்துக் கரையில் போட்டோம். கோரை நன்றாக மக்கி, கையால் பிசைந்தால் தேயிலைத்தூள் மாதிரி உதிர்ந்தது. கலைத்து, தாத்தா காலத்து வாய்க்கால் ஓரத்தில் இரண்டு மேட்டுப்பாத்தி போட்டு, மிஞ்சிய பதினொன்றிலிருந்து ஓடிய கொடிகளையே அதில் நட்டேன். இந்த வருஷம் என் காட்டில் முதலில் பூத்தது அந்த இரண்டு பாத்திதான். வாய்க்காலின் வாயையும் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டேன், பார்ப்போம், ஊத்து எழும்பினால் மோட்டார் செலவு மிச்சம்.

சட்டத்தைப் பிரிக்கச் சோம்பல்பட்டு கேன்களோடு குட்டையிலேயே விட்டிருந்தேன். போன வாரம் பார்த்தால் ஒரு முக்குளிப்பான் அதன் மூலையில் அழுகின கோரையை இழுத்து இழுத்துப் போட்டு மேடை கட்டி, நாலு முட்டை வைத்திருக்கிறது. சித்தப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "விளைச்சல் நாலுதானா தம்பி?" என்று பதில் வந்தது.